தசாவதாரம்: செட்டா, தொகுப்பா?

கேள்வி: கொலு பொம்மை விற்கும் ஒரு கடைக்கு நவராத்திரி விலைப்பட்டியலைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் ‘தசாவதாரம் செட்’, ‘கல்யாண செட்’ என்று சொன்னவற்றை ‘தசாவதாரத் தொகுப்பு’, ‘திருமணத் தொகுப்பு’ என்று மாற்றினேன். கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, செட் என்றே போடச் சொல்கிறார். செட், கலெக்ஷன், குரூப் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே பொருள் தரும் சொற்கள்தானே? எல்லாவற்றுக்கும் தொகுப்பு என்று எழுதினால் என்ன தவறு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கடைக்காரர் சொல்வதே சரி. அவர் வாயில் இருப்பது ஆங்கிலச் சொல்தான் என்றாலும், அந்தச் சொல்லால் அவர் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காக்கிறார். நீங்கள் மாற்றி எழுதியதில் அந்த வேறுபாடு அழிந்துவிட்டது.

அகராதியில் ஒரே வரியில் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும் சொற்களை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடலாம் என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக இருக்கிறது. ஆங்கிலம் பேசுவோர் அப்படிப் போடுவதில்லை. ஒருவர் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த தபால்தலைகள் கலெக்ஷன் ஆகும். அது எப்போது நிறையும் என்று அவருக்கே தெரியாது, இரண்டு தொலைந்தாலும் அது கலெக்ஷனாகவே இருக்கும். அஞ்சல் துறை ஒரே பொருளில் சேர்த்து வெளியிட்ட நான்கு தலைகளோ செட் ஆகும். அதில் ஒன்று இல்லையென்றால் மிச்சம் இருப்பது குறைபட்ட செட், விலையும் அதற்கேற்ப இறங்கும். சதுரங்கத்துக்கு 32 காய்கள் வேண்டும், 31 இருந்தால் ஆட்டம் நடக்காது என்பதால்தான் அதைச் செஸ் செட் என்கிறார்கள். குரூப் என்பதற்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. மரத்தடியில் சேர்ந்து நிற்கும் நால்வரும் குரூப்தான். ஆக, முழு எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்திருப்பதும், ஒன்று குறைந்தால் அந்தக் குறை தெரிவதும்தான் செட்டின் இலக்கணம்.

இந்த வேறுபாட்டை நம் கடைத்தெரு யாரும் கற்றுக்கொடுக்காமலே பிடித்துக்கொண்டது. துணிக்கடையில் ‘புது கலெக்ஷன் வந்திருக்கு’ என்பார்கள். நகைக்கடையில் ஆரமும் அதற்கு இசைந்த தோடும் சேர்ந்தால் ‘செட்’ என்பார்கள். ஒரு செட் பூரி கேட்டவருடைய தட்டில் ஒன்று குறைந்தால், சாப்பிடுபவர் பரிமாறுபவரை உடனே கூப்பிடுவார். ‘எங்கள் இருவருக்கும் செட் ஆகாது’ என்பது வேறு கதை. அங்கே வருவது ‘செட்’ என்னும் வினைச்சொல். பொருட்சேர்க்கையைக் குறிக்கும் ‘செட்’ என்னும் பெயர்ச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக, ஒரு தலைவரைப் பின்பற்றுவோரைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘வை, பொருத்து’ என்னும் பொருளுடைய வினைச்சொல் ஜெர்மானிய மூலத்தைச் சேர்ந்தது. ஒலி ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்கிறோம்.

அப்படியானால் தமிழில் செட் என்ற கருத்தே இல்லையா என்று கேட்பீர்கள். நன்றாகவே இருக்கிறது, ஆனால் தனிச் சொல்லாக இல்லாமல் எண்ணிலும், ‘உம்’ என்று சொல்லின் இறுதியில் ஒட்டும் உம்மையிலும் இருக்கிறது. முக்கனி, ஐம்பூதம், அறுபடை வீடு, நவதானியம் என்று எண்ணைப் பெயருக்குள்ளேயே வைத்துக் கட்டுவது நம் வழக்கம். பத்துச் சேர மன்னர்களைப் பத்துப் புலவர்கள் பத்துப் பத்துப் பாடல்களாகப் பாடியதற்குப் பதிற்றுப்பத்து என்று பெயர். உ.வே.சாமிநாதையர் 1904இல் அதைப் பதிப்பித்தபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. இன்றும் நம் கையில் இருப்பவை இடைப்பட்ட எட்டுப் பத்துகள்தாம். எவ்வளவு தொலைந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. தனிப்பாடல் திரட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெவ்வேறு காலத்துப் புலவர்களின் உதிரிப் பாடல்களைச் சேர்த்த அதில் ஒரு பாடல் விடுபட்டிருந்தாலும், பெயரைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. முன்னது செட், பின்னது கலெக்ஷன். பின்னதற்குத் திரட்டு என்ற சொல் எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது!

உம்மையின் செய்தி இதைவிட நுட்பமானது. ‘இனைத்தென அறிந்த’ பொருளை, அதாவது இத்தனைதான் என்று எண்ணிக்கை தெரிந்த பொருளை, முழுமையாக ஒரு வினையோடு சேர்த்துச் சொல்லும்போது உம்மை கொடுக்க வேண்டும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விதி வகுக்கிறது. ‘நம்பி கண் இரண்டும் நொந்தன’ என்பது உரையில் வரும் எடுத்துக்காட்டு. உங்கள் கடைக்கே வருவோம். ‘பத்துப் பொம்மைகள் வந்தன’ என்றால், இன்னும் எத்தனை வர வேண்டும் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. ‘பத்துப் பொம்மைகளும் வந்தன’ என்றால், இருப்பதே பத்துதான், மச்சம் முதல் கல்கி வரை குறையில்லாமல் வந்து சேர்ந்துவிட்டன என்று பொருள். ஆங்கிலத்துக்குத் தனிச் சொல் தேவைப்படும் இடத்தில் தமிழுக்கு ஒற்றை இடைச்சொல் போதும். இதைப் பள்ளியில் முற்றும்மை என்று பெயரளவில் படித்துவிட்டு, எழுதும்போது எண்ணிப் பார்க்காமல் விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

கணிதச் சொல்லைக் கடன் வாங்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கணம் என்றும் இலங்கைப் பாடநூல்கள் தொடை என்றும் வழங்கும் அந்தக் கருத்தில் முடிவிலாக் கணங்களும் உண்டு, வெற்றுக் கணமும் உண்டு. பொம்மைக் கடைக்கு இரண்டும் உதவா.

தொகுப்பு என்ற சொல்லின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. சிறுகதைத் தொகுப்பு சரியான வழக்கு. நியாயவிலைக் கடையில் தரும் பொங்கல் பரிசுத் தொகுப்பும் சரிதான். அரிசி, சர்க்கரை, கரும்பு என்று பட்டியல் முன்பே அறிவிக்கப்பட்டுவிடுவதால், கரும்பு இல்லையென்றால் அட்டைதாரர் கேட்டே தீருவார். ஆனால் செய்தித் தொகுப்பு, பாடல் தொகுப்பு, புகைப்படத் தொகுப்பு என்று கண்டதற்கெல்லாம் அந்த ஒரே சொல்லைப் போட்டுப் போட்டு அதன் கூர்மையை மழுக்கிவிட்டோம். ஒரே தடவையில் வெந்து இறங்கும் இட்லியை ஈடு என்றும், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரங்களை அடுக்கு என்றும், வாழைப்பழத்தைச் சீப்பு என்றும் தார் என்றும் பிரித்துச் சொல்லும் அடுக்களையில் இந்தக் குழப்பம் இல்லை. எழுதுமேசைக்கு வந்தவுடன் நாம் ஏன் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டு மூட வேண்டும்?

இனி உங்கள் பட்டியல். தசாவதாரம், அஷ்டலட்சுமி, நவக்கிரகம் ஆகியவற்றில் எண் பெயரிலேயே இருப்பதால் செட்டும் வேண்டாம், தொகுப்பும் வேண்டாம். ‘தசாவதாரம், பத்தும் சேர்த்து’ என்று எழுதி எதிரே விலையைப் போடுங்கள். கல்யாண செட்டுக்கு அந்த வசதி இல்லை. ஒருவர் செய்வதில் மணமக்களும் புரோகிதரும் நாகசுவரக்காரரும் தவில்காரரும் மட்டும் இருப்பார்கள். இன்னொருவர் செய்வதில் விருந்தினர்களும் சீர்வரிசைத் தட்டுகளும் சேர்ந்திருக்கும். அங்கே கடைக்காரர் விருப்பப்படி ‘கல்யாண செட்’ என்றே போடுங்கள். அதன் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் மொத்தம் எத்தனை பொம்மைகள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். பட்டியலில் இல்லாத சீர்வரிசைத் தட்டைத் தேடிக்கொண்டு யாரும் கடைக்குத் திரும்பி வர வேண்டியிருக்காது.