கூரியரில் வந்த ரவுட்டர் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் எங்கள் வீட்டுக்காக ஒரு வைஃபை ரவுட்டர் வாங்கி கூரியரில் அனுப்பினார். ‘இ.டி.ஏ. சான்று இல்லை’ என்று சுங்கத்துறை நிறுத்தி வைத்திருக்கிறது. வைஃபைக்கு உரிமமே தேவையில்லை என்கிறார்களே? பரிசுப் பொருள்தானே, வரியைக் கட்டி எடுத்துவிட முடியாதா?

பதில்: உரிமம் தேவையில்லை என்பது சரிதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-லும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு 2018-லும் மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. ஆனால் அது பயன்படுத்துகிற உங்களுக்கான விலக்கு. கருவி அந்த வரம்புக்குள்தான் இயங்குகிறது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கிற டபிள்யூ.பி.சி. பிரிவு மாடல்வாரியாகத் தருகிற இ.டி.ஏ. (கருவி வகை ஒப்புதல்) அதுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

பரிசு என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். கூரியரில் வரும் பரிசுக்கான வரிச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் மிச்சம். வரி கட்டினாலும் இ.டி.ஏ. சிக்கல் அப்படியே நிற்கும். நிபந்தனையோடு அனுமதிக்கப்படும் பொருள், அந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் தடைசெய்யப்பட்ட பொருளாகவே ஆகிவிடும் என்று 2003-ல் ஓம் பிரகாஷ் பாட்டியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் ரவுட்டருக்கு அந்த நிபந்தனை இ.டி.ஏ.தான். விளைவு சுங்கச் சட்டத்தின் 125-வது பிரிவில் தெரியும்: பறிமுதலான சாதாரணப் பொருளை அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பை அதிகாரி கொடுத்தே ஆகவேண்டும். தடைப் பொருளுக்குக் கொடுக்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

அண்ணனிடம் பில்லை வாங்கி மாடல் எண்ணைப் பாருங்கள். அதே மாடல் இந்தியாவிலும் விற்கிறதென்றால் கம்பெனியிடம் இ.டி.ஏ. நகல் கேட்டு, கூரியர்காரர் வழியாகக் கடிதத்தோடு கொடுங்கள். எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நாட்டுக்கு நாடு கடைசி எழுத்தை மாற்றுகிற கம்பெனிகள் உண்டு.

சான்றே இல்லையா? ஒரே ஒரு ரவுட்டருக்காக ஆய்வக அறிக்கையெல்லாம் வாங்கி விண்ணப்பிப்பது கட்டுப்படியாகாது. அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப அனுமதி கேட்டு எழுதிக் கொடுங்கள். அப்புறம், 124-வது பிரிவுப்படி நோட்டீஸ் கொடுக்காமல் பறிமுதல் செய்ய முடியாது. ‘நோட்டீஸ் வேண்டாம்’ என்று ஏதாவது தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பறிமுதல் உத்தரவே வந்துவிட்டால், அது கைக்குக் கிடைத்த 60 நாளுக்குள் ஆணையரிடம் (மேல்முறையீடு) போகலாம். ஆனால் வக்கீல் ஃபீஸ் ரவுட்டர் விலையைத் தாண்டிவிடும், என்னுடையதும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.