கஞ்சா: வைத்திருப்பவன் வேறு, விற்பவன் வேறு

சென்ற இதழில், வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது ஒரு வரி எழுதியிருந்தேன்: 'கையில் கொஞ்சம் கஞ்சா இருந்தது என்பதற்காக மட்டும் யாரையும் சிறைக்கு அனுப்பக் கூடாது.' அதற்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே இரண்டு நாள் ஆனது. பாதிப்பேர் திட்டியிருக்கிறார்கள். மீதிப்பேர், 'அப்படியானால் கடை வைத்தே விற்கலாமே' என்று உற்சாகமாக எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லாததை இரண்டு தரப்புமே சொன்னதாக எடுத்துக்கொண்டதால், இந்த முறை பகுதி முழுவதும் இதற்கே.

போதை மறுவாழ்வுப் பிரிவில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்த மனநல மருத்துவர் நீங்கள். நீங்களே கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்

ஐயா, நான் வக்காலத்து வாங்கியது அதைக் கையில் வைத்திருந்த பிள்ளைக்கு.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவனை அவன் அப்பா என்னிடம் அழைத்து வந்தார். வயது பத்தொன்பது. இரண்டு சிகரெட்டுக்குத் தேறுகிற அளவு கஞ்சாவோடு பிடிபட்டு, சில வாரம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். என் அறைக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றான். உட்காரப்பா என்றால் உட்காருவான். செவிலியர் ஏதோ எடுக்க உள்ளே வந்தால் மறுபடி எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். அவன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். படிப்பு அத்தோடு நின்றுபோயிற்று. உள்ளே போகும்போது மாதத்துக்கு ஒருமுறை, இருமுறை இழுத்தவன், வெளியே வந்தபிறகு தினமும் இழுத்தான். விற்கிற ஆட்களின் பழக்கம் அவனுக்கு ஏற்பட்டதே அந்தச் சில வாரங்களில்தான். கஞ்சா செய்த கெடுதலைவிடத் தண்டனை செய்த கெடுதல் அவனுக்குப் பெரிது. அந்தப் பையனை நினைத்துத்தான் அந்த வரியை எழுதினேன்.

'சட்டப்படி அனுமதிப்பது' என்ற ஒரே சொல்லுக்குள் பல விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். போர்ச்சுகல் 2001-இல் செய்ததைப் பாருங்கள். ஒருவர் பத்து நாளுக்குப் பயன்படுத்தும் அளவுக்குள் வைத்திருந்தால் குற்ற வழக்கு கிடையாது. அதற்காகச் சும்மா விட்டுவிடுவதில்லை. பொருளைப் பறிமுதல் செய்து, சட்டமும் மருத்துவமும் சமூகப் பணியும் தெரிந்தவர்கள் அடங்கிய குழுவின் முன் உட்கார வைக்கிறார்கள். சிகிச்சை தேவை என்றால் வழிகாட்டுகிறார்கள். விற்பவருக்கு அங்கேயும் சிறைதான்.

ஜெர்மனி 2024 ஏப்ரலில் இன்னும் ஒரு படி போனது. வயது வந்தவர் வெளியே 25 கிராம் வரை வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம், லாப நோக்கில்லாத சங்கங்களில் சேர்ந்து பெறலாம். ஆனால் கடை இல்லை. கனடா 2018 அக்டோபரில் கடையையே திறந்துவிட்டது. நெதர்லாந்து கதை விசித்திரமானது. வாடிக்கையாளர் கடையில் ஐந்து கிராம் வரை வாங்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் கடைக்காரர் அதை மொத்தமாக வாங்குவது குற்றம். இதற்குப் பெயரே 'பின்வாசல் பிரச்சினை'. பல பத்தாண்டுகள் இப்படியே ஓட்டிவிட்டு, இப்போதுதான் சில நகராட்சிகளில் உரிமம் பெற்ற விளைச்சலைச் சோதனை முறையில் அனுமதித்திருக்கிறார்கள்.

நான் நிற்பது போர்ச்சுகல் நின்ற இடத்தில். அதற்கு மேல் போக எனக்குத் தயக்கம் உண்டு. ஏன் என்று கீழே வரும்.

மது குடித்து எத்தனையோ பேர் சாகிறார்கள். கஞ்சா அதிகமாகிச் செத்தவர் உண்டா? பிறகு மதுவுக்கு மட்டும் ஏன் அனுமதி?
– கல்லூரி மாணவர்

தம்பி, உன் கேள்வியில் உண்மை இருக்கிறது. மூளைத் தண்டில் மூச்சை நடத்துகிற பகுதியில் கஞ்சா போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மிகக் குறைவு. அதனால் அபின் வகை மருந்துகள்போல அது மூச்சை நிறுத்துவதில்லை. கல்லீரல் கருகி வயிறு வீங்கிக் கிடக்கும் மது நோயாளிகளை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். கஞ்சாவால் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

ஆனால் சாவை மட்டும் அளவுகோலாக வைத்தால் என் வார்டில் படுத்திருக்கிறவர்கள் உன் கணக்கில் வரமாட்டார்கள்.

முதலில், நீ நினைக்கிற செடியும் இன்று விற்கிற செடியும் ஒன்றில்லை. போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவைச் சோதித்தபோது, 1995-இல் அது சராசரியாக 4 சதவீதம் இருந்தது. 2014-இல் 12 சதவீதம். செடியிலிருந்து வடித்தெடுக்கும் மெழுகிலும் எண்ணெயிலும் 60, 70 சதவீதம்கூட இருக்கிறது. 'எங்கள் காலத்திலும்தான் இழுத்தோம், என்ன ஆகிவிட்டது' என்று பெரியவர்கள் சொல்வதை இதனால்தான் நான் ஏற்பதில்லை.

2019-இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பல ஊர்களில் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று வெளியானது. 10 சதவீதமும் அதற்கு மேலும் வீரியமுள்ள கஞ்சாவைத் தினமும் எடுத்துக்கொண்டவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட மனப்பிறழ்வு (நிஜம் எது, பிரமை எது என்று தெரியாமல் போகும் நிலை) ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதற்கு வெகு முன்பே, 1987-இல், ஸ்வீடன் நாட்டுப் படையில் கட்டாயப் பணிக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து இதே திசையில் ஒரு முடிவு வந்திருந்தது. கஞ்சாதான் நோயைக் கொண்டுவருகிறதா, நோய் வரப்போகிறவர்கள் கஞ்சாவைத் தேடிப் போகிறார்களா என்ற சச்சரவு இன்னும் முடியவில்லை. இரண்டும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம். அதனால் யார் வந்தாலும் முதலில் ஒன்று கேட்பேன்: குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்ததா? 'ஆமாம்' என்று பதில் வந்தால் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன், தொடவே தொடாதே என்று.

பயமுறுத்துவதற்காக எதையும் கூட்டிச் சொல்லமாட்டேன். நியூசிலாந்தில் 1972-73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வில், பதின்வயதில் தொடங்கி விடாமல் புகைத்தவர்களுக்கு நுண்ணறிவு எண் எட்டுப் புள்ளிவரை குறைந்தது என்று 2012-இல் எழுதினார்கள். பிறகு இரட்டையர்களை வைத்துப் பார்த்தபோது, புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறப்புக்கும் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அதனால் 'மூளை மழுங்கிவிடும்' என்று ஒரே போடாக நான் போடுவதில்லை.

இன்னொன்றை மட்டும் கேள். இருபத்திரண்டு வயதுப் பையன். மாதக்கணக்கில் விட்டு விட்டு வாந்தி. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, வயிறு முழுக்க ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றும் தென்படவில்லை. 'மனசுதான் காரணம்' என்று என்னிடம் அனுப்பிவிட்டார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதுகிலும் தோளிலும் தோல் வலைபோலச் சிவந்து கிடந்தது. 'ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாய்?' என்றேன். ஏழெட்டு தடவை என்றான். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டால்தான் குமட்டல் அடங்குகிறதாம். நள்ளிரவில்கூடக் குளியலறையில் உட்கார்ந்திருப்பானாம். நெடுநாள் கஞ்சாவால் வருகிற வாந்தி நோய் அது. வெந்நீரில் அடங்குவதுதான் அதன் அடையாளம். 2004-இல்தான் மருத்துவ உலகம் அதைத் தனியாக அடையாளம் கண்டது. நிறுத்துவதைத் தவிர அதற்குத் தீர்வு இல்லை. நிறுத்தினான், நின்றது. நான்கு மாதம் கழித்து, 'ஒன்றே ஒன்றுதான் டாக்டர்' என்று தொடங்கியதும் வாந்தி திரும்பி வந்தது. அந்தப் பையனும் சாகவில்லை. ஆனால் பதினோரு கிலோ எடையும் ஒரு வருடமும் போயிற்று.

மதுவுக்கு வருகிறேன். மது அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்றையும் அனுமதிக்கக் காரணமாகுமா? ஒரு போதையை விளம்பரத்தோடும் லாபத்தோடும் சேர்த்து அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று மதுவிடம்தானே பார்த்தோம்?

இயற்கையாக வளர்கிற செடிதானே?
– பெயர் எழுதாத வாசகர்

அரளியும் செடிதான்.

என் அக்காவுக்குப் புற்றுநோய். கஞ்சா எண்ணெய் அதைக் குணப்படுத்தும் என்கிறார்கள். ஐ.நா.வே அனுமதித்துவிட்டதாமே?
– ஒரு தங்கை

அம்மா, புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மனிதர்களிடம் நிரூபணம் ஆகவில்லை. அந்த எண்ணெயை நம்பி நடந்துகொண்டிருக்கிற சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். இதை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

மருந்தாக அது பயன்படுகிற இடங்கள் சில உண்டு. புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தி வேறு எதற்கும் அடங்காதபோது கொடுக்க, செயற்கையாகத் தயாரித்த டி.எச்.சி. மருந்துக்கு அமெரிக்கா 1985-லேயே அனுமதி கொடுத்தது. செடியில் இருக்கும் இன்னொரு பொருளான சி.பி.டி. போதை தராது. குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய, கடுமையான வலிப்பு நோய்களுக்கு அதை மருந்தாக 2018-இல் அங்கீகரித்தார்கள். இவை அளந்து தயாரித்து, சோதித்து, மருத்துவர் கையால் வருகிற மருந்துகள். புட்டியில் யாரோ அடைத்துக் கொடுப்பதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று யார் சொல்வது?

ஐ.நா. விஷயம்: 2020 டிசம்பரில், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய பட்டியலிலிருந்து மட்டும் கஞ்சாவை எடுத்தார்கள். ஆதரவாக 27 வாக்கு, எதிராக 25. மருத்துவ ஆராய்ச்சிக்கு வழிவிடும் முடிவு அது. போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 1961 ஐ.நா. ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் கஞ்சா இன்றும் இருக்கிறது.

அக்காவுக்குக் குமட்டல்தான் தொல்லை என்றால், அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள். வாந்திக்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. பாதி நேரம், கேட்காததால்தான் கிடைப்பதில்லை.

கடை வைத்து விற்றால் கள்ளச் சந்தை ஒழியும், அரசுக்கு வரி வரும், தரமும் சரியாக இருக்கும். இதில் என்ன தவறு?
– வணிகவியல் ஆசிரியர்

என் தயக்கம் இங்கேதான். கள்ளச் சந்தை குறையும் என்பது சரி. கனடாவில் குறைந்திருக்கிறது, ஆனாலும் முழுக்க ஒழியவில்லை. தரம் சோதிக்கப்படும் என்பதும் நல்ல வாதம். பூஞ்சை பிடித்ததையும் எதையோ தெளித்ததையும் புகைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தவள் நான்.

ஆனால் வியாபாரக் கணக்கைப் பாருங்கள். எப்போதாவது புகைக்கிறவரால் கடைக்கு வருமானம் இல்லை. விற்பனையில் பெரும்பகுதி தினமும் புகைக்கிறவர்களிடமிருந்து வருகிறது. அதாவது, என் நோயாளிதான் கடைக்காரரின் நல்ல வாடிக்கையாளர். அவர் குணமானால் கடைக்கு நஷ்டம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014-இன் முதல் நாளில் கடைகள் திறந்தன. செடியோடு நிற்கவில்லை. மிட்டாய், சாக்லேட், பானம் என்று வந்தது. தின்றால் போதை ஏற ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இன்னொன்றைத் தின்றவர்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். மிட்டாய் என்று நினைத்து எடுத்துத் தின்ற சின்னக் குழந்தைகளும் வந்தார்கள்.

தாய்லாந்து 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது. விற்பனையை ஒழுங்குபடுத்தும் முழுமையான சட்டம் கையில் இல்லாமலே எடுத்தது. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் கஞ்சாப் பூவை விற்கக் கூடாது என்று உத்தரவு போடவேண்டி வந்தது. திறந்த கடையை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

விற்றுத்தான் ஆகவேண்டும் என்று ஒரு நாடு முடிவு செய்தால், உருகுவே வழி எனக்குக் கொஞ்சம் தேவலாம். 2013-இல் சட்டம் இயற்றி, அவசரப்படாமல் 2017-இல்தான் மருந்துக் கடைகளில் விற்பனை தொடங்கினார்கள். பெயரைப் பதிவு செய்த குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் மட்டும், மாதம் 40 கிராமுக்கு மிகாமல். விளம்பரம் கூடாது. கனடாவிலேயே கியூபெக் மாகாணம் வயதை 21 ஆக்கி, கடையை அரசே நடத்துகிறது. வரி வரட்டும், வராமல் போகட்டும். யாருக்கு, எந்த வயதில், எந்த வீரியத்தில் விற்கலாம் என்பதை லாபம் பார்க்கிறவர் கையில் கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி.

புகைத்துவிட்டு வண்டி ஓட்டினால் கண்டுபிடிக்க முடியாதாமே?
– இளம் வாசகர்

டி.எச்.சி. கொழுப்பில் போய்த் தங்கும். அதிகம் புகைப்பவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும். அதனால் 'இப்போது போதையில் இருக்கிறாரா' என்று சொல்ல, மதுவுக்கு ஊதிப் பார்ப்பதுபோல நம்பகமான ஒரு எண் இன்னும் கிடைக்கவில்லை. நீ கேட்டது இதுதான். ஆனால் குறுக்கே ஓடி வருகிற குழந்தையைப் பார்த்து பிரேக் போட உன் காலுக்கு ஆகும் தாமதத்தை எந்தக் கருவியும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஓட்டாதே.

என் பதினேழு வயது மகனின் பையில் பொட்டலம் இருந்தது. எங்கே தவறினேன், என்ன தண்டனை கொடுப்பது என்று தெரியவில்லை.
– ஒரு தாய்

அம்மா, பதறாதீர்கள். ஒருமுறையாவது புகைத்துப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. ஆறில் ஐந்து பேர் அடிமையாவதில்லை என்பதும் உண்மை.

பையைத் திறந்து பார்த்ததை முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள். திருட்டுத்தனமாகக் கண்டுபிடித்ததாக அவனே தெரிந்துகொண்டால் அதற்குப் பிறகு பேச்சே இருக்காது. அப்புறம், 'ஏன் செய்தாய்' என்று கேட்காமல், 'அது உனக்கு என்ன தருகிறது' என்று கேளுங்கள். தூக்கத்துக்கு என்பான், பயம் போவதற்கு என்பான், கூட்டாளிகளோடு சேர்ந்து என்பான். ஒவ்வொன்றுக்கும் உதவி வேறு வேறு. இன்னும் மூன்று, நான்கு வருடம் தள்ளிப்போட வைத்தாலே பெரிய வெற்றி, மூளை வளர்கிற வயது இது. யாரோ பேசுவதுபோல் காதில் கேட்கிறது என்றாலோ, எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்றாலோ, ராத்திரியெல்லாம் தூங்காமல் நடந்தாலோ, அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அழுகை இருக்கிறது, அவன் அப்பாவின் கோபம் இருக்கிறது, உறவுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலை இருக்கிறது. அவன் என்ன சொன்னான் என்று ஒரு வரி இல்லை, அம்மா. அதைக் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.