அருகிலுள்ள பகா எண்ணுக்கு எவ்வளவு தொலைவு: இந்தத் தொடர்வரிசையில் ஒழுங்கு ஏதும் உண்டா?

ஒவ்வொரு எண்ணுக்கும் மிக அருகிலுள்ள பகா எண் எத்தனை தொலைவில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே போனால் கிடைக்கும் தொடர்வரிசையில் ஒழுங்கு உண்டா, அல்லது அது வெறும் பொழுதுபோக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒழுங்கு உண்டு, இன்றுவரை தீராத ஒரு பெரிய கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

23 முதல் 29 வரை எழுதிப் பாருங்கள்: 0, 1, 2, 3, 2, 1, 0. 23, 29 இரண்டும் பகா எண்கள்; நடுவிலுள்ள 26 இரண்டுக்கும் 3 தொலைவில் நிற்கிறது. 3-இலிருந்து எவ்வளவு தூரம் போனாலும், அடுத்தடுத்த இரு உறுப்புகளின் வேறுபாடு சரியாக 1-தான். ஓர் எண் தள்ளிப் போனால் தொலைவு 1-க்கு மேல் கூடவோ குறையவோ முடியாது. மாறாமல் இருக்கவும் முடியாது. 2-ஐத் தவிர எல்லாப் பகா எண்களும் ஒற்றைப்படை என்பதால், இரட்டைப்படை எண்ணுக்குத் தொலைவு ஒற்றைப்படையாகவும் ஒற்றைப்படை எண்ணுக்கு இரட்டைப்படையாகவும் (0 உட்பட) அமைந்தே தீரும்.

ஆகவே இதை வரைபடமாக வரைந்தால் சமதளமே இல்லாத மலைத்தொடர் போலத் தெரியும். எண்களின் பட்டியலைவிட இந்தப் படமே எனக்கு அதிகம் சொல்கிறது. சிகரங்கள் 4, 6, 9, 12, 15, 18, 21, 26, 30 என, அடுத்தடுத்த இரு பகா எண்களின் சராசரியில் அமைகின்றன; உயரம் அவற்றின் இடைவெளியில் பாதி. ஆயிரத்துக்குள் உயரமான சிகரம் 897-இல், 887-க்கும் 907-க்கும் நடுவே இருக்கிறது, உயரம் 10. அதைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே, 1344-இல், உயரம் 17 ஆகிவிடுகிறது. உயரத்துக்கு எல்லையும் கிடையாது: 1 முதல் k வரையுள்ள எண்களின் பெருக்கற்பலனுடன் 2, 3, ... k என எதைக் கூட்டினாலும் விடை பகு எண்ணே என்பதால், எவ்வளவு நீண்ட இடைவெளியையும் இப்படி உண்டாக்கலாம்.

கடினமானவை குட்டையான சிகரங்கள்தாம். உயரம் 1 என்றால் இருபுறமும் 11, 13 போன்ற, 2 மட்டுமே வேறுபடும் இரட்டைப் பகா எண்கள் என்று பொருள். அத்தகைய சிகரங்கள் முடிவின்றித் தொடருமா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. 2013-இல் கணிதவியலாளர் யீடாங் சாங், அடுத்தடுத்த பகா எண்களுக்கிடையே 7 கோடிக்குக் குறைவான இடைவெளிகள் முடிவற்றவை என்று நிறுவினார். அடுத்த ஆண்டே, பல கணிதவியலாளர்களின் கூட்டு முயற்சியில் அந்த எல்லை 246 ஆகச் சுருங்கியது. நம் தொடர்வரிசையின் மொழியில் சொன்னால், 123-க்கு மேற்படாத உயரமுள்ள சிகரங்கள் முடிவின்றி வந்துகொண்டே இருக்கும். அந்த 123-ஐ 1 ஆக்குவதுதான் மிச்சம்.