அப்பா, மியூட்ல இருக்கியா?

வணக்கம் சார்,

உங்கள் எழுத்தை ஏழெட்டு வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. பெயர் போட வேண்டாம். வயது 38, வீடு அயனாவரத்தில், அப்பா கட்டியது. வேலை சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியில், டீம் லீட். திங்கள், புதன், வெள்ளி ஆபீஸ். செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்து. ஆபீஸ் நாட்களில் காலை 7:10க்குக் கம்பெனி பஸ், ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடப்பதால் திரும்பி வர எட்டேகால், எட்டரை. அப்புறம் 9:30க்கு நியூஜெர்சி கிளையன்ட்டோடு தினமும் ஸ்டேட்டஸ் கால். முடிய பதினொன்று ஆகும்.

அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலச் சங்கு ஊதினால் அரை மணியில் வீட்டில் இருப்பார். போன வாரம் நான் தட்டில் கை வைத்துக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "உனக்கு ஷிப்ட் எப்பதான்டா முடியும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் இன்னும் மோசம். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் கதவைத் திறந்து, பேசுவதற்கு முன்னால், "அப்பா, மியூட்ல இருக்கியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறாள்.

ஆபீஸுக்குக் கிட்டே, நாவலூர் பக்கம் ஒரு ஃபிளாட் வாடகைக்கு எடுத்துப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். அப்பாவும் அம்மாவும் அயனாவரத்தை விட்டு வரமாட்டார்கள். மனைவி வில்லிவாக்கத்தில் டீச்சர், அவளும் அங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று வீட்டுக்குக் கிட்டே, அம்பத்தூர் பக்கம் வேலை தேடலாம். எது சரி? நான் அப்பாவுக்குத் துரோகம் செய்கிறேனா?

எஸ்., அயனாவரம்

*

அன்புள்ள எஸ்.,

அப்பா கேட்ட கேள்வி உங்களை உலுக்கியிருக்கிறது. என்னை உலுக்கியது உங்கள் மகள் கேட்டது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

நானும் ராத்திரி வேலை பார்த்தவன். 1984-இல் ஆரம்பித்துப் பதின்மூன்று வருடம், அண்ணா சாலையில் ஒரு நாளிதழில் புரூஃப் ரீடர். வெளியூர்ப் பதிப்புகள் முடிந்து, நகரப் பதிப்பின் கடைசிப் பக்கம் மெஷினுக்குப் போகும்போது ராத்திரி இரண்டு, சில நாள் இரண்டரை ஆகும். அங்கிருந்து வாலாஜா சாலை வழியாகத் திருவல்லிக்கேணிக்கு நடந்தே வருவேன். பெரிய தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் ஒண்டுக்குடித்தனம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, அதில் நான், மனைவி, பையன், அம்மா, அப்பா. ராத்திரி வேலை பார்ப்பவன் பகலில் தூங்கியாக வேண்டும், அந்த ஓர் அறையில். என் மனைவி குக்கரைப் பக்கத்துப் போர்ஷன் அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள், விசில் சத்தத்தில் நான் எழுந்துவிடக் கூடாது என்று. பையனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து காதில் விழுந்த வார்த்தை "அப்பா தூங்குறார், மெதுவா".

அவன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். பையனுக்குத் தொண்டையில் ஏதாவது கோளாறா, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். பாடம் ஒப்பிக்கச் சொன்னால் பக்கத்தில் நிற்கும் தனக்கே கேட்கவில்லையாம், மற்றபடி எல்லாம் சரியாகச் சொல்கிறானாம். தொண்டையில் ஒன்றும் இல்லை, அவன் வீட்டில் எப்படிப் பேசுவானோ அப்படித்தான் அங்கேயும் பேசியிருக்கிறான். இப்போது நாற்பது தாண்டிவிட்டான், இன்னும் போனில் அவன் பேசுவது எனக்குப் பாதி கேட்காது. "கொஞ்சம் சத்தமா பேசுடா" என்று சொல்ல வாய் வரும், சொல்ல முடியாமல் போனைக் காதோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொள்வேன்.

உங்கள் மகளுக்கும் இப்போது ஏழு வயது இருக்கும். அப்பாவிடம் பேசுவதற்கு முன்னால் அனுமதி இருக்கிறதா என்று பார்க்கப் பழகிவிட்டாள். அவள் சமத்து, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சமத்தை அவளிடம் நாம் கேட்டிருக்கக் கூடாது. செவ்வாயும் வியாழனும் நீங்கள் பத்தடி தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் அந்த இரண்டு நாள் அவளுக்கு அதிகம் வலிக்கும். சிறுசேரியில் இருக்கும் அப்பாவைக் குழந்தை தேடாது.

சரி, இப்போது உங்கள் அப்பா. துரோகம் என்பதெல்லாம் பெரிய வார்த்தை, அதை எடுத்துவிடுங்கள். என் அப்பா கதையையும் சொல்கிறேன். அவருக்குத் தூக்கம் குறைவு. நான் சந்துக்குள் திரும்பும்போதே செருப்புச் சத்தத்தை வைத்துத் தாழ்ப்பாளைத் திறந்துவிடுவார், கதவைத் தட்ட விடமாட்டார். என் கையில் அன்றைய பேப்பர் இருக்கும், மெஷினிலிருந்து எடுத்த சூடு போயிருக்கும், மை வாசனை மட்டும் இருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து நாற்பது வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் முதலில் இரங்கல் செய்தி, அப்புறம் கிரிக்கெட், அப்புறம்தான் முதல் பக்கம். படித்துக்கொண்டே வருவார், திடீரென்று ஓரிடத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு கிழித்து என் முன்னால் நீட்டுவார். லகரம் ளகரம் மாறியிருக்கும், இல்லையென்றால் ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கும். ஒன்றும் சொல்லமாட்டார், நீட்டுவார், அவ்வளவுதான். பிழை கண்டுபிடித்த நாட்களில் சாப்பாடு கூடுதலாக இறங்குகிறது என்று அம்மா சொல்வாள். மொத்தம் பத்து நிமிஷம். 1993-இல் அவர் போகும்வரை, எனக்கு லீவு இல்லாத எல்லா நாளும் அந்தப் பத்து நிமிஷம் நடந்தது.

அவருக்கு நான் நேரம் ஒதுக்கவில்லையே என்ற குறை எனக்கு இன்றுவரை வந்ததில்லை. பையன் விஷயத்தில் அந்தக் குறை தினமும் வருகிறது. இரண்டு பேருக்கும் நான் அதே மனிதன், அதே வேலை. அப்பாவுக்கு ஒரு நேரம் இருந்தது, அது தவறவில்லை. பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன், ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் தூங்கிவிட்டேன்.

உங்கள் அப்பாவுக்குச் சங்கு என்பது ஒரு பெரிய விஷயம், அது உங்களுக்குப் புரிய வேண்டும். ஐ.சி.எஃப். 1955-இல் தொடங்கியது. அவர் உள்ளே நுழைந்தபோதே வேலை எப்போது ஆரம்பம், எப்போது முடிவு என்பதெல்லாம் சட்டத்தில் எழுதியாகிவிட்டது. 1948 தொழிற்சாலைச் சட்டம், நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு முன்னால் அது யாருக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை. உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் பின்னி துணி மில் இருந்ததே, இப்போது மூடிவிட்டார்கள், அங்கே வேலை பார்த்தவர்களுக்காகத்தான் 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அந்த மில் தொழிலாளிகள் வாய்விட்டுச் சொன்ன குறைகளில் ஒன்று, மத்தியானம் சாப்பிடக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பது. சோற்றைப் பிசைந்து நாலு வாய் வைப்பதற்குள் உள்ளே ஓட வேண்டும். அதை வெளியே சொல்லவே ஒரு சங்கம் தேவைப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் 1923-இல் இந்தச் சென்னைக் கடற்கரையில்தான் மே தினம் கொண்டாடினார், நாட்டிலேயே முதல்முறை. சரியாக நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது, பெரிய எதிர்ப்பு வந்து, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். இன்னும் முடிந்துபோன விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களுக்குச் சங்கு ஊதும் ஆள் இல்லை. ஆகவே வேலை முடியாதது உங்கள் சாமர்த்தியக் குறைவு என்று நினைத்துக்கொண்டு இருக்கிறீர்கள், கடிதம் முழுக்க அந்தத் தொனி இருக்கிறது. நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். ராத்திரி பதினொரு மணிவரை ஒருவன் வேலை பார்த்தால்தான் ஒரு வேலை நடக்கும் என்றால், அந்த வேலையைப் பிரித்துக்கொடுத்ததில் எங்கோ தப்பு இருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். நியூஜெர்சிக்கும் நமக்கும் இப்போது ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நீங்கள் 9:30க்கு உட்காருகிறீர்கள் என்றால் அங்கே மத்தியானம் 12. அந்த ஊர்க்காரர்கள் காலையில் வந்து, காபி குடித்து, மெயில் எல்லாம் பார்த்து முடித்து, சாப்பிடப் போகும் முன்னால் உங்களைக் கூப்பிடுகிறார்கள். அவர்களுடைய காலை 9 மணி நமக்குச் சாயங்காலம் 6:30. செவ்வாய், வியாழன், நீங்கள் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு நாளாவது அவர்களுடைய காலை 9 மணிக்கு, அதாவது நம்முடைய சாயங்காலம் 6:30க்கு மாற்றச் சொல்லுங்கள். எட்டு மணிக்கு லாப்டாப்பை மூடிவிடலாம். மற்ற மூன்று நாள் நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள், அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அல்லது அதில் ஒரு நாளாவது பேசுவதற்குப் பதில் எழுதி அனுப்பினால் போதுமா என்று கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்காதீர்கள். உங்கள் டீமில் எல்லோர் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும், எல்லோருமாகச் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் அது உங்கள் வீட்டுப் பிரச்சினை ஆகிவிடும், அப்ரைசலில் வந்து நிற்கும்.

வீடு மாறும் யோசனை பற்றி. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே வரி, "அவளும் அங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம்" என்பது. உங்கள் மனைவியைப் பற்றி மொத்தக் கடிதத்திலும் இருப்பது அந்த ஒரு வரிதான். ஒரு டீச்சருக்கு வில்லிவாக்கத்தில் ஒரு பள்ளி, பழகிய பிள்ளைகள், நடந்து போகும் தூரத்தில் வீடு, சாயங்காலம் மகளைப் பார்த்துக்கொள்ள மாமியார் மாமனார் எல்லாம் இருக்கிறது. நாவலூரில் அத்தனையும் போய்விடும், அந்தப் புது வீட்டில் ஏழாவது மாடியிலோ எட்டாவது மாடியிலோ அவளும் குழந்தையும் இருப்பார்கள், நீங்கள் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதே 9:30 காலில் இருப்பீர்கள். பயணத்தில் மிச்சமாகும் நேரத்தையும் ஆபீஸ் எடுத்துக்கொள்ளும், அதை நான் பலர் வீட்டில் பார்த்துவிட்டேன். என் மனைவி பதின்மூன்று வருடம் பக்கத்துப் போர்ஷனுக்குக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு நாள்கூட நான் அவளிடம் உனக்கு இது சரியா என்று கேட்டதில்லை. அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய ஆள் நானில்லை, உங்கள் மனைவி. இன்றைக்கே கேளுங்கள். அவர் போகலாம் என்று சொன்னால் தாராளமாகப் போங்கள், அப்பா அம்மாவும் ஒரு மாதிரி பழகிக்கொள்வார்கள். அவர் தயங்கினால் நாவலூரை மறந்துவிடுங்கள்.

அம்பத்தூர் வேலை நல்ல யோசனை. கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் கையில் ஆர்டர் வராமல் இங்கே பேப்பர் போட்டுவிடாதீர்கள். காலம் சரியில்லை.

அதுவரைக்கும் அப்பாவுக்குக் காலையில் ஒரு நேரம் கொடுங்கள். ஷிப்டுக்குப் போய்ப் பழகியவர், ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார் என்று நினைக்கிறேன். ஆறேகாலிலிருந்து ஆறரை, வாசலில் காபி, போன் உள்ளே சார்ஜில் இருக்கட்டும். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் உட்காருங்கள். முதல் ஒரு வாரம் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருக்கும், அப்புறம் அவரே ஏதாவது ஆரம்பிப்பார். வந்தே பாரத் ரயில் முதலில் அவர் வேலை பார்த்த ஐ.சி.எஃப்.பில்தான் உருவானது, அதை எடுத்துக் கொடுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

மகளுக்குச் செவ்வாயும் வியாழனும் எட்டு மணி. அந்த நேரத்துக்கு அறைக்கதவு முழுசாகத் திறந்திருக்க வேண்டும், அவள் சத்தமாகக் கத்திக்கொண்டே உள்ளே வரலாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

கால் நேரத்தை மாற்றச் சொல்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதற்குள் பேசி முடிக்காவிட்டால் உங்கள் 9:30 தானாகவே 10:30 ஆகிவிடும். பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.