திரை அழகு, ஆனால் ஆட்கள் திணறுகிறார்கள்: என் பதில்

ஃபிக்மாவில் (ஆப், இணையதளத் திரைகளை வடிவமைக்கும் மென்பொருள்) திரைகள் அழகாக வருகின்றன, கையில் கொடுத்தால் ஆட்கள் திணறுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இன்னொரு கோர்ஸில் சேராதீர்கள். ஒரே ஒரு வேலையை எடுங்கள். கடவுச்சொல் மாற்றும் பக்கம் போதும். தாளில் வரைந்து அதன் எல்லா நிலைகளையும் போடுங்கள்: கட்டம் காலி, பழைய கடவுச்சொல் தப்பு, பாதியில் நெட் போய்விட்டது, பட்டனை இரண்டு முறை தட்டிவிட்டார். பெரும்பாலும் ஓட்டை இங்கேதான் இருக்கும்.

பிறகு ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயே திறக்காமல் பாருங்கள். விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல மனசு துடிக்கும், சொல்லிவிட்டால் சோதனை வீண். ஒரு சுற்றுக்கு 5 பேர் போதும் என்று பயன்பாட்டு எளிமை பற்றி ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இலேயே எழுதியிருக்கிறார். திருத்திய வடிவத்தைப் புது ஆளிடம் காட்டுங்கள். பழைய ஆளுக்கு வழி பழகியிருக்கும்.