பழைய இங்கிலாந்து கார்ட்டூன்கள்ல சாவு வீட்டையும் காதலையும் ஏன் அவ்வளவு கிண்டல் பண்ணாங்க, அவங்களுக்கு மனசே இல்லையா?

மனசு இல்லாம இல்லைங்க, ரெண்டுலயும் காசு பூந்துடுச்சு, அதான் விஷயம். பஞ்ச்ங்கற நகைச்சுவை, கார்ட்டூன் பத்திரிகை லண்டன்ல ஆரம்பிச்சது 1841, அதே வருஷம்தான் ரீஜென்ட் ஸ்ட்ரீட்ல ஜேய்ஸ்னு துக்கத் துணிக்குன்னே ஒரு பெரிய கடையும் திறந்தாங்க. புருஷன் போயிட்டா பொண்டாட்டி ரெண்டு வருஷத்துக்குக் குறையாம துக்கம் காக்கணும், மொதல்ல பளபளப்பே இல்லாத கருப்பு கிரேப் துணி, அப்புறம் மெல்ல மெல்ல சாம்பல், லாவண்டர்னு கலருக்கு வரலாம், ஒவ்வொரு கட்டத்துக்கும் புது டிரஸ் வேற. வாசல்ல மியூட்னு ரெண்டு பேர் கூலிக்கு நிப்பாங்க, கருப்புத் துணி சுத்துன கோலைப் புடிச்சிக்கிட்டு மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்கணும், அதுக்குத்தான் சம்பளம். சவ வண்டி இழுக்குற குதிரை தலையில நெருப்புக்கோழி இறகு. இருக்கறவன் செஞ்சா சரி, இல்லாதவனும் ஊர் வாய்க்குப் பயந்து இருந்த காசையெல்லாம் இதுல கொட்டுனான். அதனால கிண்டல் செத்தவர் மேல இல்ல, பில் போடுறவன் மேல, அது நியாயமான கிண்டல்னுதான் நான் சொல்வேன். 1870ல இறந்த நாவலாசிரியர் டிக்கன்ஸே என் சாவுக்கு வர்றவங்க கருப்பு அங்கி, தொப்பில நீளப் பட்டின்னு எதுவும் போடக்கூடாதுன்னு உயில்லயே எழுதி வச்சுட்டுப் போனார்.

காதல் பக்கம் வந்தாதான் எனக்குக் கோவம் வருது. கல்யாணம் பண்ணப் போறவங்களுக்கு அறிவுரைன்னு தலைப்பு போட்டு "வேண்டாம்"னு முடிச்சாங்களே 1845 பஞ்ச்ல, அது செம, இன்னைக்கும் சிரிப்பு வரும். ஆனா பணக்கார மாப்பிள்ளைய வளைச்சுப் போடப் பாக்குற அம்மா, பையனோட வருமானத்தையே கணக்குப் போடுற பொண்ணுன்னு திரும்பத் திரும்ப வரைஞ்சாங்க பாருங்க, அதுல ஒரு விஷயத்தை விட்டுட்டாங்க. கல்யாணமான பொண்ணுங்க சொத்து பத்தின 1870, 1882 சட்டங்கள் வர்ற வரைக்கும், தனியா பத்திரம் எழுதி வைக்கலைன்னா கல்யாணமானதும் பொண்ணோட பணம், நகை எல்லாம் புருஷன் கைக்குப் போயிடும், நடுத்தர வீட்டுப் பொண்ணுக்கு பணக்கார வீட்டுப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்குற கவர்னஸ் வேலைய விட்டா கௌரவமான வேலைன்னு பெருசா எதுவும் கிடையாது, அப்போ அவ வருமானத்தைப் பாக்காம வேற எதைப் பாப்பா?

ரெண்டும் ஒண்ணா சேர்ற இடம் பாக்கணும்னா அமெரிக்காவுல சார்லஸ் டானா கிப்சன் 1900ல லைஃப் பத்திரிகைக்கு வரைஞ்ச இளம் விதவை சீரிஸைத் தேடிப் பாருங்க. கருப்பு டிரஸ்ல அவ, சுத்தி ஆம்பளைங்க கூட்டம். இங்க அவளைப் பாத்து சிரிப்பு வரலை எனக்கு, அந்த ஆம்பளைங்களைப் பாத்துதான் வந்துச்சு.