மண்ணில் சுற்றுகிறது, காங்கிரீட்டில் கவிழ்கிறது: ஒரே காரை எப்படிச் சரிசெய்வது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 1/10 அளவு எலக்ட்ரிக் பக்கி (மண்ணில் ஓட்டும் வகை), நான்கு சக்கரமும் இழுக்கும் ஆர்சி கார், அதாவது ரிமோட்டில் ஓடும் சின்னக் கார் இருக்கிறது. செம்மண் மைதானத்தில் வளைவுக்கு வந்தால் வால் வீசிச் சுற்றிவிடுகிறது. மாங்காய் மண்டியின் காங்கிரீட் தளத்திலோ உருண்டு கவிழ்கிறது. ஸ்பிரிங் மாற்றியும் பயனில்லை."

ஸ்பிரிங்கை இப்போதைக்கு விடுங்கள், டயரைப் பாருங்கள். மண்ணில் பிடிப்பு போதவில்லை, காங்கிரீட்டில் அது மிஞ்சிவிட்டது. டயர் சரியில்லாமல் வேறு எதைத் திருகினாலும் வீண்தான்.

நம் பக்கத்துச் செம்மண் ஒரே மாதிரி இருப்பதில்லை. கோடையில் மேலே தூள், அடியில் கெட்டித் தரை. அதற்கு உயரமான ரப்பர் முள் வைத்த மென்மையான டயர் வேண்டும், முள் தூளைத் தாண்டிப் போய்க் கடிக்கும். மழை பெய்து காய்ந்த பிறகு அதே மைதானம் இறுகிவிடும். அப்போது குட்டையான, நெருக்கமான முள்தான் ஓடும். ஓட்டுவதற்கு முன் குதிகாலால் தரையை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டயருக்குப் பிறகும் வால் வீசினால், எப்போது வீசுகிறது என்று கவனியுங்கள். வளைவுக்குள் நுழையும்போது என்றால் ஸ்பீடு கன்ட்ரோலரில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) டிராக் பிரேக்கை, அதாவது திராட்டிலை விட்டதும் தானே பிடிக்கும் பிரேக்கைக் குறையுங்கள். வெளியே வரும்போது திராட்டில் கொடுத்து வேகம் கூட்டியதும் என்றால் பின் டிஃப்புக்குள் (இரு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) இன்னும் இளகிய சிலிகான் ஆயில் ஊற்றுங்கள். பின்பக்க ஆன்டி ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி) கழற்றுவதும் உதவும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

காங்கிரீட்டுக்கு முள் டயரே வேண்டாம். முள் சீக்கிரம் தேய்ந்துவிடும், காசுக்கும் கேடு. முள்ளில்லாத வழுவழு டயர் போட்டு, தரைக்கும் காரின் அடித்தட்டுக்கும் நடுவே உள்ள உயரத்தைக் குறையுங்கள். மண்ணுக்கு 22 முதல் 25 மில்லிமீட்டர் என்றால் இங்கே 15 பக்கம் போதும். பேட்டரியோடு அளக்க வேண்டும். ஷாக் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஆயில் குழாய்) மேலுள்ள வளையத்தைத் திருகினால் உயரம் மாறும். அப்புறமும் உருண்டால்தான் கெட்டியான ஸ்பிரிங்கும் ஷாக் ஆயிலும்.

கிரஷர் பக்கம் ஓட்டினால் கல்தூள் பேரிங்கை அரித்துவிடும், ஒவ்வொரு முறையும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். ஐந்து நிமிடம் ஓடியதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் பினியனில் (மோட்டார் தண்டில் உள்ள சின்னப் பல்சக்கரம்) ஒரு பல் குறைவானதாக மாற்றுங்கள்.